மௌனவிரதத்தின் மேல் ஒரு விசாரணை

பயிற்சியாளர் என்றால் கத்த வேண்டும். நீச்சல் கழகத்தின் பெற்றோர் குழுவில் எல்லா விஷயத்துக்கும் இரண்டு கட்சி உண்டு. குளத்து நீரில் மருந்து கூடுதலா குறைவா என்பதில் உண்டு, உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் உள்ளே வேண்டுமா வெளியே வேண்டுமா என்பதில்கூட உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே வாய். கத்தாத பயிற்சியாளர் உப்பில்லாத பண்டம்.

எட்டு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்த பயிற்சியாளருக்கு முப்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, ஈரம் காயாத ரப்பர் செருப்பு, கழுத்தில் ஒரு விசில். அந்த விசிலை அவள் ஊதி யாரும் கேட்டதில்லை. பயிற்சி ஆரம்பிக்கும்போது இரண்டு வாக்கியம் சொல்வாள். பிறகு குளத்தின் விளிம்பில் குந்திக்கொள்வாள். ஏதாவது ஒரு குழந்தை சுவரைத் தொட்டு நின்றால் மெல்ல ஒரு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு அந்தக் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை யோசித்து, மூக்கைத் துடைத்து, பேச ஆரம்பிக்கும். அவள் தலையாட்டிக் கேட்பாள்.

மேலே பார்வையாளர் மாடத்தில் இருக்கும் பெற்றோர்களுக்கு இந்தக் காட்சி அடியோடு பிடிக்கவில்லை. யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று டயர் கடைக்காரர் கேட்டார். அவளுக்கு ‘மௌனவிரதம்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

கோர்ட்டம்மாவுக்கு மட்டும் வேறு கணக்கு. நீதிமன்றத்தில் இருபது வருடமாகச் சுருக்கெழுத்தாளர் வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய பதினொரு வயது மகள் பாப்பாவுக்கு முந்தைய பயிற்சியாளர் இருந்த காலத்தில், பயிற்சி நாளன்று சரியாக நாலு மணிக்கு வயிறு வலிக்கும். இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள், ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். மௌனவிரதம் வந்த மூன்றாவது வாரத்தில் அந்த வலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. இப்போது பாப்பா தன் பையைத் தானே எடுத்து வைக்கிறாள். நாலு மணிக்குப் பசிக்கிறது என்கிறாள். தாய்க்கு இதைவிடப் பெரிய பதக்கம் கழுத்தில் தொங்க வேண்டியதில்லை.

தந்தைக்கு வேண்டியிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பெற்றோர் குழுவின் செயலாளர், தங்கமான மனிதர். ஆனால் பாப்பா போன வருடமும் நாலாவது, இந்த வருடமும் நாலாவது. “நாலாவது நாலாவதாத்தான் நிக்குது” என்று சாப்பிடும்போது சொல்வார். மூன்று பேர் முன்னால் நின்று தன் மகளை மறைப்பதுபோல அவருக்கு ஒரு தவிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழுவின் தலைவரான பல் டாக்டரின் கிளினிக்கில் கூட்டம் நடந்தது. நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஈறு நோய்ப் படங்களுக்குக் கீழே குழுவின் நிர்வாகிகள் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். டாக்டர், டயர் கடைக்காரர், செயலாளர், செயலாளரின் தங்கையான டியூஷன் டீச்சர். பெரிய நெகிழிப் பல்வரிசை ஒன்று மேஜைமேல் வாயைத் திறந்தபடி கூட்டத்துக்கு ஐந்தாவது ஆளாக இருந்தது. பக்கத்துக் கழகத்தில் ‘புலி’ என்று ஒருவர் இருக்கிறார், அவர் கத்தினால் தண்ணீரே ஒதுங்கி வழிவிடும், இங்கே வரத் தயாராக இருக்கிறார் என்று டயர் கடைக்காரர் சேதி கொண்டுவந்திருந்தார். மௌனவிரதத்தை உடனே அனுப்பிவிடலாம் என்றாள் டியூஷன் டீச்சர். பல் டாக்டர் நிதானஸ்தர். எக்ஸ்ரே பார்க்காமல் பல்லைப் பிடுங்க மாட்டேன் என்றார். மௌனவிரதம் உண்மையிலேயே பேசுவதில்லை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டுமாம்.

கோர்ட்டம்மாவின் கணவர் அங்கேதான் வாயைக் கொடுத்தார். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்றார். ஐந்து நாள் குளத்தோரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுவாள் என்றார். தீர்மானத்தையும் தன் கையாலேயே அழகாக எழுதினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கோர்ட்டம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப.”

“அப்போ தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க.”

“கோவிச்சுக்காதம்மா. அஞ்சே நாள். நீ எழுதினா யாரும் குறை சொல்ல முடியாது, அதான்.”

கதவோரம் நின்ற பாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். உள்ளே வந்து, மடித்து வைத்திருந்த தன் துண்டை எடுத்துக்கொண்டாள். “மேடம் போனா நானும் போக மாட்டேன். அழுது அடம் பிடிக்கிறேன்னு நினைக்காதீங்க. இப்பவே சொல்லிட்டேன்” என்றாள். துண்டோடு போய்விட்டாள். பதினொரு வயதுப் பிள்ளை அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். இப்படிச் சாவகாசமாகச் சொன்னதுதான் கோர்ட்டம்மாவை உறுத்தியது. மறுபடி அந்த நாலு மணியை அவள் நினைத்துப் பார்த்தாள்.

இரண்டு நாள் கணவரோடு அளவாகப் பேசினாள். பிறகு ஒப்புக்கொண்டாள். அவள் மாட்டேன் என்றால் டயர் கடைக்காரரின் மைத்துனர் எழுதுவாராம். அந்த ஆளுக்குக் கேட்காததும் கேட்கும். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். நீதிமன்றத்தில் எப்படியோ அப்படித்தான் எழுதுவாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். நடுவில் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அதைத்தானே நானும் எழுதியிருக்கிறேன் என்று கணவர் பெருமையாகத் தீர்மானத்தை வாசித்துக் காட்டினார்: ‘பயிற்சி நேரத்தில் நீச்சல் குளத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் பதிவு செய்யப்படுதல் வேண்டும்.’

திங்கட்கிழமை அவள் குறிப்பேட்டோடு குளத்தோரம் போய் நின்றாள். எதற்கு வந்திருக்கிறாள் என்பது மௌனவிரதத்துக்குத் தெரியாமலில்லை. ஒரு நெகிழி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். “ஸ்டூல் வழுக்கும், பாத்து உக்காருங்க” என்றாள். பதிவின் முதல் வரி அதுதான்.

கோர்ட்டம்மாவுக்குச் சூதுவாது கிடையாது. மௌனவிரதம் பேசுவதை மட்டும் எழுத வேண்டும் என்றுதான் அவளும் உட்கார்ந்தாள். ஆனால் அது கூரை போட்ட குளம். மாடத்தில் ஒருவர் தும்மினால் ஆழப்பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பயிற்சி தொடங்கிய இரண்டாவது நிமிடம் மேலிருந்து ஒரு குரல் இடிபோல விழுந்தது. அவள் தலையைத் தூக்குவதற்குள் கை அதை எழுதி முடித்திருந்தது. இருபது வருடத்துக் கை. கூண்டில் நிற்பவர் பேசினாலும் சரி, பின்வரிசையில் அவருடைய மாமனார் முணுமுணுத்தாலும் சரி, காதில் விழுந்தது தாளில் விழுந்துவிடும். அடித்துவிடலாமா என்று யோசித்தாள். நீதிபதி சொல்லாமல் ஒரு சொல்லையும் அவள் இதுவரை அடித்ததில்லை. அப்புறம்தான் தீர்மானத்தின் வாசகம் நினைவுக்கு வந்தது. அவள் பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டே போனாள்.

ஐந்து நாளில் மூன்று குறிப்பேடு தீர்ந்தது. புதன்கிழமை கடைக்குப் போய் மூன்றாவதை வாங்கியபோது கணவர், “அந்த அம்மா அவ்வளவா பேசுது?” என்று கவலையாகக் கேட்டார். அவள் குறிப்பேட்டைப் பைக்குள் வைத்தாள். வியாழக்கிழமை குளத்திலிருந்து வந்தவள் அவருக்குத் தட்டு வைத்துவிட்டு, அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னம்மா என்றார். ஒன்றுமில்லை என்றாள்.

அடுத்த ஞாயிறு, அதே அறை, அதே ஈறுகள். தட்டச்சு செய்த தாள்கட்டை அவள் மேஜைமேல் வைத்தபோது பல்வரிசை கொஞ்சம் நகர வேண்டியிருந்தது. டியூஷன் டீச்சர் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல அதன் கனத்தைப் பார்த்தாள்.

“படிங்க அண்ணி. கேப்போம்.”

நீதிமன்றத்தில் பதிவை வாசிப்பதற்கென்று ஒரு குரல் உண்டு. ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. கொலைக்கும் அதே குரல், வாய்தாவுக்கும் அதே குரல். கோர்ட்டம்மா அந்தக் குரலில் ஸ்டூல் வரியைப் படித்துவிட்டு மேலே போனாள்.

“திங்கள். ஐந்து மணி முப்பத்தொன்று. பயிற்சியாளர்: ‘நாலு தடவை போயிட்டு வாங்க. இன்னிக்குக் கையை மட்டும் கவனிங்க.’ ஐந்து முப்பத்திரண்டு. டயர் கடைக்காரர்: ‘இழு, இழு, இழு.’ இருபத்திரண்டு முறை. குறிப்பு: அவருடைய மகன் அப்போது கழிப்பறையில் இருந்தான்.”

டயர் கடைக்காரர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை, தங்கள் முறை வரும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

“ஐந்து முப்பத்தைந்து. டியூஷன் டீச்சர்: ‘டேய், பக்கத்து லேன்காரன் உன்னை முந்துறான் பாரு, வெக்கமா இல்ல?’ ஐந்து முப்பத்தாறு. டியூஷன் டீச்சர்: ‘டேய், பக்கத்து லேன்காரன் எட்டிப் பிடிச்சுட்டான் பாரு, தூங்குறியா?’ குறிப்பு: இரண்டு லேனிலும் நீந்தியவர்கள் அவருடைய இரட்டைப் பிள்ளைகள்.”

பல் டாக்டர் கையை உயர்த்தினார். பயிற்சியாளர் பேசியதை மட்டும் எழுதத்தானே சொன்னோம் என்றார். கோர்ட்டம்மா தீர்மானத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு சொல்லும் என்று இருந்தது. எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் ஈறு நோய்ப் படத்தை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று அந்த அறையில் நாலு நுணல் இருந்தது. பல் டாக்டர் மாடத்திலிருந்து பயிற்சியாளரைக் கூப்பிட்டு, “என் பையனை நல்லாத் திட்டுங்க மேடம், நான் பர்மிஷன் தரேன்” என்று மூன்று முறை சொல்லியிருந்தார். அதை நீக்கிவிடலாமே என்று இப்போது கேட்டார். நீக்கச் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று கோர்ட்டம்மா பணிவாகச் சொன்னாள். செயலாளரின் பங்கு செவ்வாய்க்கிழமை வந்தது. “பாப்பா, யோசிக்காத, அடி.” அடுத்த நிமிடம், “பாப்பா, யோசிச்சு அடி.” குறிப்பு: இரண்டு முறையும் குழந்தையின் தலை தண்ணீருக்குள் இருந்தது.

கடைசித் தாளில் கணக்கு இருந்தது. ஐந்து நாளில் பயிற்சியாளர் அறுநூற்றுப் பதினாலு சொல். குழந்தைகள் நாலாயிரத்துச் சொச்சம். மாடம் பத்தொன்பதாயிரம்.

வெட்கப்படுவார்கள் என்று கோர்ட்டம்மா எதிர்பார்த்தாள். பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆதாரம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது என்றார். ஐந்து நாளும் அத்தனை பயிற்சியும் கொடுத்தது பெற்றோர்களே. அந்தப் பெண் செய்தது முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. நம் உழைப்பில் அவள் பெயர் வாங்குகிறாள். டயர் கடைக்காரர் ஆளுக்கு எத்தனை சொல் என்று தனித்தனியாகக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டார். அவருடையது ஏழாயிரம் என்று தெரிந்ததும், போட்டியில் வென்றவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கோர்ட்டம்மா தாள்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தானே கையெழுத்துப் போட்டு அந்தப் பெண்ணை வெளியே அனுப்புகிறோமோ என்று தோன்றியது. பதிவாளர் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. ஆனால் இன்னும் வாசிக்காத பக்கங்கள் இருக்கின்றன என்று சொல்லலாம். சொன்னாள்.

“குழந்தைங்க பேசினதை இன்னும் படிக்கலை.”

அது எதற்கு என்றார் டாக்டர். “படிக்கட்டுமே டாக்டர், அதையும் எழுதியிருக்கால்ல” என்றார் செயலாளர். மனைவியின் குரலில் எப்போதும் இல்லாத ஒன்று அவருக்கு மட்டும் கேட்டிருந்தது.

“புதன். ஆறு மணி பத்து. பயிற்சியாளர்: ‘ஏன் நடுவுல நின்னுட்ட?’ இரட்டையரில் மூத்தவன்: ‘அம்மா கத்துறது என்னையா அவனையான்னு தெரியல.’ பயிற்சியாளர்: ‘யாரையா இருந்தா நல்லா இருக்கும்?’ மூத்தவன்: ‘ரெண்டு பேரையும் வேண்டாம். நாங்க ஒண்ணாவே போயிடறோம்.’”

டியூஷன் டீச்சர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். தேடியது கிடைக்கவில்லை போலிருக்கிறது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

“வியாழன். ஆறு மணி இருபத்தைந்து. பயிற்சியாளர்: ‘திரும்பும்போது என்ன ஆச்சு?’ முப்பத்தெட்டு வினாடி அமைதி. பாப்பா: ‘மேல பாத்தேன்.’ பயிற்சியாளர்: ‘எதுக்கு?’ பாப்பா: ‘அப்பா கோவமா இருக்காரான்னு.’ பயிற்சியாளர்: ‘இருந்தாரா?’ பாப்பா: ‘தெரியல. தண்ணிக்குள்ளேருந்து பாத்தா எல்லார் மூஞ்சியும் ஆடுது.’ பயிற்சியாளர்: ‘அடுத்த தடவை சுவத்தைப் பாரு. சுவத்துக்குக் கோவம் வராது.’”

இருபது வருடத்தில் முதல்முறையாக அவளுடைய வாசிப்புக் குரல் ஓரிடத்தில் இறங்கியது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகாமல் தாளை மேஜைமேல் வைத்தாள்.

வாக்கெடுப்பு நடந்தது. அனுப்பிவிட வேண்டும் என்று பல் டாக்டர் கையைத் தூக்கினார். டியூஷன் டீச்சர் தூக்கவில்லை. செயலாளர் தூக்கவில்லை. பாக்கி இருந்தது டயர் கடைக்காரர். அவர் தூக்கினால் இரண்டுக்கு இரண்டு, தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு, மௌனவிரதம் வெளியே. அவருடைய கை பாதி தூரம் எழுந்து, அங்கேயே நின்றது.

“டாக்டர், ஒரு சந்தேகம். புலி வந்தா நாம மாடத்துல உக்காரலாம்ல?”

பல் டாக்டர் தன் குறிப்பைப் பார்த்தார். புலிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பயிற்சி நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார். பெற்றோர் வெளியே சாலையில் நிற்க வேண்டும். கத்துவதற்கு அவர் ஒருவர் போதுமாம்.

“அப்போ நாங்க எங்க போய்க் கத்துறது?”

டயர் கடைக்காரர் கையைக் கீழே இறக்கி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். இந்தப் பெண் பெற்றோர்களின் பங்களிப்பை மதிக்கிறாள், அவளே இருக்கட்டும் என்றார். நல்ல பயிற்சியாளர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அந்தக் குழு எடுத்த ஒரே சரியான முடிவு இந்தக் காரணத்துக்காகத்தான் நிறைவேறியது. செயலாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதும்போது காரணத்தை விட்டுவிட்டார். இனி கொஞ்சம் சுருக்கமாகவே எழுதுவது என்று அவர் அன்று பழகிக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது இரண்டு தெருவரை அவர் கடைப் பலகைகளையே படித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது தெருவில் கேட்டார்.

“என் மூஞ்சி கோவமாவா இருக்கு?”

“கோவம் இல்லைங்க. கண்ணாடி போடாதவங்க எழுத்தைப் படிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிட்டுப் பாப்பீங்க. தெரியாதவங்களுக்குக் கோவம்தான்.”

“நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“எத்தனை தடவை சொன்னேன். நீங்கதான் கத்திட்டு இருந்தீங்களே.”

அவர் சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். திருமணமாகிப் பதினாலு வருடமான மனிதர், பகலில் தெருவில் கையைப் பிடித்தால் இன்னும் கூச்சப்படுவார். அன்று விடவில்லை.

திங்கட்கிழமை மாடத்தில் எல்லோரும் வழக்கமான இடத்தில் இருந்தார்கள். டயர் கடைக்காரர் ஏழாயிரத்தை எட்டாயிரமாக்கும் உறுதியோடு இழு, இழு என்று ஆரம்பித்துவிட்டார். டியூஷன் டீச்சர் இரண்டு முறை வாயைத் திறந்து, பக்கத்திலிருந்தவரிடம் மணி என்ன என்று கேட்டாள். பல் டாக்டர் வரவில்லை. மகனை வாசலோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்.

செயலாளர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புருவத்தை நேராக வைத்துக்கொள்வதற்கு அவர் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்த மனைவி பார்த்தாள். பல்வலிக்காரர் புகைப்படத்துக்குச் சிரிப்பதுபோல இருந்தது.

கீழே பாப்பா மூன்றாவது லேனில் வந்தாள். நாலாவதாகத்தான் வந்தாள். சுவரை நெருங்கினாள், சுருண்டாள், காலால் உதைத்தாள், நீருக்கடியில் நீண்டு வெகுதூரம் போய் எழுந்தாள். போன வாரத்தைவிடத் திருப்பத்தில் ஒரு கைநீளம் அதிகம் போனாள். குளத்தின் விளிம்பில் குந்தியிருந்தவள் விரலால் ஒரு முறை தொடையைத் தட்டிக்கொண்டாள்.

செயலாளர் மனைவியின் பக்கம் குனிந்தார்.

“மேல பாக்கவே இல்ல.”

“ஆமா.”

“ஒரு தடவைகூட.” அவர் குரலில் சந்தோஷம் இருந்தது, கூடவே கடையில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவரின் குறையும் இருந்தது. “நான் நல்லாத்தான் மூஞ்சியை வெச்சிருந்தேன். பாத்திருக்கலாம்ல அவ?”

கோர்ட்டம்மா கம்பியிலிருந்து அவருடைய ஒரு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கை கம்பியை விடவில்லை. கீழே பாப்பா அடுத்த சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.